பூட்டுப் போடாத நிரல்

அந்த இருபத்திரண்டு சர்வர்களும் செத்துவிட்டன என்று அவர் சொன்னபோது, அவை எங்கள் கண்முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. பச்சை விளக்குகள் மின்னின. செருப்பை வாசலில் கழற்றச் சொல்லிவிட்டதால் ஏசிக் குளிர் கால் விரல்களில் ஏறியது. அவர் சர்வர்களை அடுக்கியிருந்த ரேக்கின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எண்ட் ஆஃப் லைஃப், மேடம். இனிமே இதுக்கு நாங்க அப்டேட் குடுக்க மாட்டோம். எல்லாத்தையும் மாத்திடுங்க."

அவர் அந்த சர்வர்களைச் செய்து விற்ற கம்பெனியின் இன்ஜினியர், பெங்களூரிலிருந்து வந்திருந்தார். மேடம் என்று அவர் அழைத்தது, ஓசூரில் கியர் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவு அதிகாரியை. மூன்றாவது ஆள் நான். பழைய சர்வர்களை எடுத்துப் பழுதுபார்த்து விற்கும் ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்க்கிறேன். புதிது வந்தால் பழையதைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும் அல்லவா, அதற்குத்தான் முதலாளி என்னை அனுப்பியிருந்தார். எத்தனை இருக்கிறது, என்ன மாடல் என்று குறித்துக்கொண்டு திரும்புவதுதான் என் வேலை.

சர்வர்களில் ஒரு பழுதும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில். ஒவ்வொரு சர்வருக்குள்ளும் இன்னொரு சின்னக் கணினி இருக்கும். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சிப்தான். சர்வரை அணைத்து வைத்தாலும், பிளக் செருகியிருக்கும்வரை இது விழித்திருக்கும். விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும், எங்கே சூடு ஏறுகிறது, தூரத்திலிருந்து யாராவது ஆன் செய்யச் சொல்கிறார்களா என்று பார்த்துக்கொள்வது இதன் பொறுப்பு. அதற்குள் எழுதி வைத்திருக்கும் மென்பொருளுக்குப் பெயர் ஃபர்ம்வேர். அந்த ஃபர்ம்வேரில் ஓர் ஓட்டை இருந்தது. பாஸ்வேர்டு தெரியாதவர்கள்கூட அதன் வழியாக நுழைந்துவிடலாம். தணிக்கைக்கு வந்தவர்கள் அதைக் கண்டுபிடித்து எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஓட்டையை அடைக்க வேண்டிய கம்பெனி, அடைக்க மாட்டேன் என்கிறது. ஆகவே நன்றாக ஓடுகிற இருபத்திரண்டு இயந்திரங்களைத் தூக்கிப் போட வேண்டும்.

பேசாமல் குறித்துக்கொண்டு வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், ஃபர்ம்வேர நாமளே சோர்ஸ்ல இருந்து பில்டு பண்ணிப் போட முடியாதுங்களா?"

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "எந்த சோர்ஸ்?"

"ஓப்பன் சோர்ஸ்ல இருக்குதுங்களே. இதே சிப் வெச்ச வேற போர்டுங்கள்ல ஓடுது. நான் படிச்சிருக்கிறன்."

"ஓ, படிச்சிருக்கீங்களா. எந்த காலேஜ்?"

"கிருஷ்ணகிரி பக்கம் பாலிடெக்னிக்."

"அதுக்கப்புறம்?"

"லைன்ல இருந்தன். போர்டு டெஸ்டிங்."

அவர் மேடத்தைப் பார்த்துச் சிரித்தார். "மேடம், இது எங்க டீம்ல முப்பது பேர் சேர்ந்து பண்ற வேலை. வீடியோ பாத்துட்டுப் பண்றது இல்ல."

மேடம் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் தினமும் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி வந்து போகிறவர். வீட்டில் கன்னடம், இங்கே அளந்து பேசும் தமிழ். என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ரேக்கின் அடியில் அணைத்துக் கிடந்த ஒன்றைக் காட்டினார்.

"இது ஸ்பேர். எடுத்துட்டுப் போங்க. ஒரு மாசம். ஆகலேன்னா ஆகலேன்னு சொல்லிடணும். சும்மா இழுக்கக் கூடாது."

ஆறு வருடம் நான் சர்க்யூட் போர்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியின் லைனில் நின்றவள். ஒரு நாளைக்கு இரண்டு பஸ் வரும் அஞ்செட்டிப் பக்கத்து ஊரிலிருந்து படித்து வெளியே வந்து, நேராகக் கம்பெனி பஸ்ஸில் ஏறியவள். தலையில் நீலத் தொப்பி, மணிக்கட்டில் பட்டை. முன்னால் வந்து நிற்கும் போர்டில் ஊசியை வைத்து அளப்பேன். நல்லது என்றால் பச்சைப் பொத்தான், கெட்டது என்றால் சிவப்புப் பொத்தான். இதற்குள் என்ன ஓடுகிறது என்று ஒருநாள் சூப்பர்வைசரிடம் கேட்டேன். "அது உனக்கு எதுக்கு?" என்றார். அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யார் அந்தக் கேள்வியைக் கேட்டாலும் என் கழுத்து விறைத்துக்கொள்ளும். அந்தக் குளிர் அறையில் அவர் சிரித்தபோதும் விறைத்தது.

எண்ணி எழுதிக்கொண்டு வரப் போனவள் ஆட்டோவில் ஒரு சர்வரோடு வந்து இறங்கியதைப் பார்த்து முதலாளி வாசலுக்கே வந்துவிட்டார்.

"உன்ன என்னா பண்ண அனுப்பினன்?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பதற்றம் வந்தால் இரண்டும் கலந்து வரும். "வத்தும்மா, வேணாம். நமக்குத் தெரிஞ்சது கழட்டுறது, தொடைக்கிறது, மெமரி மாத்துறது. அதோட நின்னுக்கலாம். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா அந்தம்மா நம்மள உள்ளயே விடாது."

"ஒரு மாசம் டைம் குடுத்திருக்கிறாங்க, சார். என் மத்த வேலைய முடிச்சிட்டுதான் இதத் தொடுவன்."

அவர் சரி என்று சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. அவரிடம் நான் கற்றுக்கொண்டது, அவர் பேசாமல் உள்ளே போனால் அது அனுமதி.

சோர்ஸ் என்று நான் சொன்ன மூல நிரலை இறக்குவது பெரிய காரியமில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் எழுதி வைத்தது. அதை நம் போர்டுக்கு ஏற்றபடி திருத்தி, ஒன்றாகச் சேர்த்து, அந்தச் சின்னச் சிப்பில் எழுதக்கூடிய ஒரே ஒரு கோப்பாக மாற்ற வேண்டும். இதைத்தான் பில்டு என்கிறோம். கட்டளையைத் தட்டிவிட்டால் கணினி தானாகவே ஒன்றன்பின் ஒன்றாக வேலையைச் செய்துகொண்டு போகும். திரையில் எண் ஓடும், ஐயாயிரத்துச் சொச்சம் வேலைகளில் இது எத்தனையாவது என்று.

முதல் தடவை எண்ணூறைத் தாண்டியதும் நின்றுவிட்டது. டிஸ்க் நிறைந்துவிட்டிருந்தது. என் மேசையில் இருந்த கணினிக்கு அவ்வளவு கொள்ளளவு கிடையாது. யூனிட்டில் விற்காமல் கிடந்த ஒரு பழைய சர்வரை எடுத்து, கிடைத்த டிஸ்க்குகளை எல்லாம் அதில் செருகினேன். இரண்டாம் தடவை மூவாயிரத்தைத் தாண்டியது. பிறகு மெமரி போதாமல் பாதியில் வெட்டுப்பட்டது. மூன்றாம் தடவை மதியம் கரண்ட் போனது. பக்கத்து ஷெட்டில் தகடு அடிக்கும் பிரஸ் நின்று, திடீரென்று ஊரே அமைதியானதும்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். யூபிஎஸ் பீப் பீப் என்று கத்தி ஓய்ந்துவிட்டிருந்தது.

நான்காம் தடவை சிவப்பு எழுத்தில் ஒரு பிழை வந்தது. ஒரு பக்கம் முழுக்கப் பிழை. முதல் இரண்டு நாள் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அந்த வரியைத் தேடினால் நூறு பேர் நூறு விதமாகப் பதில் எழுதியிருந்தார்கள், எதுவும் எனக்குப் பொருந்தவில்லை. மூன்றாம் நாள் காலையில் தேநீர் குடிக்கும்போதுதான் உறைத்தது. லைனில் ஒரு போர்டு கடைசி ஸ்டேஷனில் செத்தால், கோளாறு கடைசி ஸ்டேஷனில் இருக்காது. எங்கேயோ நாலு ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு கால் சரியாகப் பற்றியிருக்காது. நான் ஆறு வருடம் செய்தது அதுதானே. பிழையைக் கீழிருந்து மேலே படித்துக்கொண்டு போனேன். இருநூறு வரிக்கு மேலே, சிவப்பாகக்கூட இல்லாமல், சாதாரண வெள்ளை எழுத்தில் இருந்தது விஷயம். போர்டின் பெயரை ஓர் இடத்தில் ஓர் எழுத்துத் தப்பாக அடித்திருந்தேன்.

லைனில் நின்றவள் என்று சிரித்தாரே, அந்த லைன்தான் எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது.

பத்தாவது நாள் காலையில் வந்து பார்த்தபோது பில்டு முடிந்திருந்தது. திரையில் சிவப்பே இல்லை. முப்பத்திரண்டு எம்பி அளவில் ஒரு கோப்பு. நான் அதை வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் யூனிட்டில் சால்டரிங் வேலை பார்க்கும் அண்ணன் வந்து பின்னால் நின்றார். திருநெல்வேலிப் பக்கம் ஊர். நாற்பது வயது. மைக்கைப் போல சால்டரிங் அயர்னைப் பிடித்துக்கொண்டே பேசுவார்.

"என்னம்மா, அந்தாக்ல உக்காந்துட்ட? முடிஞ்சிட்டா?"

"பில்டு ஆயிடுச்சு, அண்ணா. இனி சிப்புல எழுதணும்."

"முதல்ல பழசக் காப்பி எடுத்து வச்சிருக்கியால்லா?"

எடுத்து வைத்திருந்தேன். மூன்று தடவை படித்து, மூன்றும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டும் பார்த்திருந்தேன். அது இல்லாமல் இந்த வேலையில் யாரும் இறங்கக் கூடாது.

ஃபர்ம்வேரைத் தாங்கி நிற்கும் பக்கத்துச் சிப்பின் பதினாறு கால்களையும் கவ்வும் கிளிப்பை அண்ணன் பிடித்துக்கொள்ள, நான் எழுதினேன். எழுதி முடித்து, சரிபார்த்து, பிளக்கைச் செருகினோம். போர்டிலிருந்து மூன்று ஒயரை இழுத்து என் கணினியில் மாட்டியிருந்தேன். உள்ளே இருக்கும் சின்னக் கணினி விழித்தால் அந்த ஒயர் வழியாக எழுத்து வரும்.

ஓர் எழுத்துகூட வரவில்லை.

பிளக்கைப் பிடுங்கிச் செருகினோம். மறுபடியும் ஒன்றுமில்லை. திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி எழுதினோம். மறுபடி பில்டு செய்து எழுதினோம். இப்படி நான்கு நாள். முதலாளி நடுவில் ஒரு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பழச போட்டு எடுத்துட்டுப் போயி குடுத்துடும்மா, மரியாதையா இருக்கும்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மரியாதை என்கிற சொல்தான் குத்தியது. தோற்றவர்களுக்கு மட்டும் கொடுக்கிற மரியாதை.

"இன்னும் டைம் இருக்குதுங்க, சார்" என்றேன்.

ஐந்தாம் நாள் நிரலை விட்டுவிட்டுப் போர்டைப் பார்த்தேன். மீட்டரை எடுத்து, நான் ஒயர் மாட்டியிருந்த மூன்று கால்களும் சின்னக் கணினிச் சிப்பின் எந்தக் காலுக்குப் போகின்றன என்று தொட்டுத் தொட்டுத் தேடினேன். சிப்பில் பேசுவதற்கு ஐந்து வாய்கள் இருந்தன. மற்ற போர்டுகளில் எல்லாரும் ஐந்தாவதைப் பயன்படுத்தியிருந்தார்கள், நிரலிலும் அதையே எழுதியிருந்தார்கள். எங்கள் போர்டில் இணைத்திருந்தது முதலாவதை. அப்படியென்றால் அது நான்கு நாளும் விழித்துப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் வேறு கதவில் காதை வைத்துக்கொண்டிருந்தேன்.

நிரலில் இரண்டு இடத்தில் ஓர் எண்ணை மாற்றினேன். இந்த முறை பில்டு ஒரு மணி நேரத்திலேயே முடிந்தது. மாறியதை மட்டும்தான் மறுபடி கட்டும். கிளிப்பை மாட்டி எழுதி, பிளக்கைச் செருகியதும் எழுத்துகள் கொட்டின. திரை நிறைந்து, மேலே போய், மறுபடி நிறைந்து, கடைசியில் லாகின் என்று கேட்டு நின்றது.

அண்ணன் சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்தார். "பேசுதுல்லா!" என்றார்.

அந்தச் சந்தோஷம் அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை. சர்வரின் ஆறு விசிறிகளும் முழு வேகத்தில் சுற்றத் தொடங்கின. அப்படி ஒரு சத்தத்தை நேரில் கேட்டால்தான் தெரியும். பக்கத்து ஷெட்டில் நாள் முழுக்கத் தகடு அடிக்கிறவர்களே வெளியே வந்து "என்னாங்க அது, நிறுத்துங்க" என்று கத்தினார்கள். அவர்கள் கத்தியது எங்களுக்குக் கேட்கவில்லை, வாய் அசைந்ததுதான் தெரிந்தது.

சூடு எங்கே இருக்கிறது என்று என் ஃபர்ம்வேருக்குத் தெரியவில்லை. தெரியாதபோது எல்லாவற்றையும் முழு வேகத்தில் ஓட்டிவிடுவதுதான் பத்திரம் என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள், சரிதான். போர்டில் வெப்பம் அளக்கும் சிப்புகள் எட்டு இருந்தன. எந்த எண்ணுக்கு எந்த இடம் என்று சொல்லும் படம் கம்பெனியிடம் மட்டும்தான் உண்டு. இன்ஜினியருக்கு மெயில் போட்டேன். ரகசியம், தர இயலாது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

சரி, தராவிட்டால் போகட்டும். சர்வரின் மூடியைத் திறந்தேன். டீக்கடையிலிருந்து சூடான டீயைக் கண்ணாடி டம்ளரில் வாங்கி வந்து, ஒவ்வொரு அளவி சிப்பின் பக்கத்திலும் ஒரு நிமிடம் பிடித்தேன். அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டு எந்த எண் ஏறுகிறது என்று கத்துவார். நான் காகிதத்தில் போர்டை வரைந்து எழுதிக்கொள்வேன். டீ ஆறினால் இன்னொரு டம்ளர். விசிறிகளுக்கு ஐஸ் குச்சி. ஒவ்வொன்றாகக் குச்சியை விட்டு நிறுத்தி, எந்த எண் பூஜ்யமாகிறது என்று பார்த்தோம். ஒன்றரை நாளில் அவர்கள் தர மறுத்த படம் என் கையால் வரைந்த காகிதத்தில் இருந்தது. எட்டு அளவிகள், ஆறு விசிறிகள். டீக்கறை வேறு.

விசிறிகள் அமைதியான அன்று முதலாளி தானாக வந்து நின்றார். சர்வரின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, சூடு இல்லை என்பதைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

ஒரு மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது தொழிற்சாலைக்கு எடுத்துப் போனோம். இன்ஜினியரும் வந்திருந்தார். புது சர்வர்களுக்கு ஆர்டர் வாங்க வந்தவர் என்று நினைக்கிறேன். மேடம் தன் அறையில் உட்கார்ந்தபடியே, கீழே இருந்த சர்வரை ஆன் செய்தார், அணைத்தார், மறுபடி ஆன் செய்தார். தணிக்கைக்காரர்கள் நுழைந்து காட்டிய அதே வழியில் அவரே நுழைய முயன்றார். கதவு திறக்கவில்லை. மூன்று முறை முயன்றார்.

இன்ஜினியர் சொன்னார், "மேடம், நாளைக்கு இது நின்னுபோச்சுன்னா யார் பொறுப்பு? வாரண்டி போயிடும்."

"வாரண்டி எப்பவோ முடிஞ்சிடுச்சுங்களே, சார்" என்றேன். "செத்துப்போச்சுன்னு நீங்கதான சொன்னீங்க. செத்ததுக்கு ஏதுங்க வாரண்டி?"

அவர் முகம் சிவந்தது. "பொறுப்பு யாருன்னு கேட்டேன்."

"நான். இதுல என்னா இருக்குதுன்னு ஒவ்வொரு வரியும் தொறந்து கிடக்குது. நான் இல்லன்னாலும் வேற ஒருத்தரு படிச்சிப் பாத்து சரி பண்ணலாம். உங்களுதுல அது முடியுமுங்களா?"

மேடம் சர்வரை இன்னொரு முறை அணைத்தார். "மிச்சம் இருபத்திரெண்டையும் பண்ணுங்க" என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஐந்து வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இந்த மாடல் சர்வர் இன்னும் எத்தனை கம்பெனிகளில் இருக்கும் என்று விசாரித்து வைத்திருந்தார்.

"இத நாம மட்டும்தான் பண்ணணும். ஒரு லாக் போட்டுடு. நம்ம யூனிட்டத் தவிர வேற யாரும் அத மாத்தி எழுத முடியாத மாதிரி. சோர்ஸ யாருக்கும் குடுக்காத. அந்தம்மாவுக்கும்தான்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"அது முடியாதுங்க, சார்."

"லாக் போட முடியாதா?"

"போட முடியும். போட மாட்டன். இதுல பாதிக்கு மேல எழுதினவங்க ஒரு கண்டிஷனோட குடுத்திருக்கிறாங்க. யாருக்கு இதப் போட்டுக் குடுக்கறமோ அவங்க கேட்டா சோர்ஸையும் குடுக்கணும். லைசென்ஸ்ல இருக்குது. நான் படிச்சிட்டுதான் தொட்டன்."

"யாரும்மா வந்து பாக்கப் போறான்? எங்கியோ அமெரிக்காவுல இருக்கிறவனுக்கு ஓசூர்ல நடக்கறது தெரியுமா?"

"எனக்குத் தெரியுமுங்களே."

அவர் குரல் உயர்ந்தது. கரண்ட் என்னுடையது, சர்வர் என்னுடையது, நீ வாங்குகிற சம்பளம் என்னுடையது என்றார். எல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை.

"அவரு பூட்டி வெச்சதாலதான, சார், நாம இவ்வளவு பாடுபட்டம்? அதே பூட்ட நானே எப்பிடிப் போடுவன்?"

"அப்பிடின்னா நீ வர வேணாம்."

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பில்டு செய்த சர்வரில் எதையும் அழிக்கவில்லை. நான் மாற்றிய ஒவ்வொரு வரியும், டம்ளரை வைத்து வரைந்த அந்தக் காகிதத்தின் படமும், எப்படிச் செய்வது என்று எழுதிய குறிப்பும் அப்படியே இருந்தன. நான் இல்லாமலும் அவர்கள் செய்யலாம். லாக் போடத் தெரிந்த ஒருவரைப் பெங்களூரிலிருந்து கூட்டி வரலாம். அதைத் தடுக்க எனக்கு ஆசை இருந்தது. ஆனால் அழித்துவிட்டு வந்தால் அதுவும் ஒரு பூட்டுதான். அண்ணன் என் பையை வாசல்வரை தூக்கி வந்தார். "எப்பா, நல்லா நெஞ்சழுத்தக்காரிதான் நீ" என்றார். பாராட்டா திட்டா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். சாயங்காலம் வந்து, நான் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு சோர்ஸ் கோடுக்காகவா வேலைய விட்டுட்டு வந்த?"

"ஆமாங்க."

"அது உன்னுதா?"

"இல்ல. அதான் விசயமே. என்னுதா இருந்தா பூட்டி வெச்சிருப்பனோ என்னாவோ."

அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். பிறகு, "மறுபடி லைனுக்கு மட்டும் போகாத. நீ அங்க இருந்தப்ப வீட்டுக்கு வந்தா பேசவே மாட்ட" என்றார். அதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று நாள் வீட்டில் இருந்தேன். துணி துவைத்தேன். தளியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய், அவள் தோட்டத்தில் ஒரு நாள் முழுக்க முள்ளங்கி பிடுங்கிக் கொடுத்தேன். தப்புச் செய்துவிட்டோமா என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். முதுகு வலித்தபோதெல்லாம் தோன்றியது. ஆனால் நிமிர்ந்ததும் போய்விட்டது.

நான்காம் நாள் முதலாளி வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்று, உள்ளே வரச் சொல்லியும் வராமல், மொபைலை நீட்டினார். மேடம் அனுப்பிய ஆர்டர். கன்னடக்காரர்களுக்கே உரிய அந்தப் பணிவான ஆங்கிலத்தில், நான்காவது வரியில் எழுதியிருந்தது: ஒவ்வொரு சர்வரோடும் அதன் முழு மூல நிரலும் பில்டு செய்யும் முறையும் தரப்பட வேண்டும், இல்லையேல் ஏற்க இயலாது.

"நீயா போன் பண்ணிச் சொன்ன?"

"இல்லீங்க, சார். சத்தியமா இல்ல."

"நான் போயி பேசிப் பாத்தன். அந்தம்மா என்னா சொல்லுது தெரியுமா? ஒருத்தன் பூட்டுல இருந்து தப்பிச்சு இன்னொருத்தன் பூட்டுல மாட்டறதுக்கா நான் இவ்வளவு தூரம் வந்தன்னு கேக்குது." அவர் மொபைலைப் பையில் போட்டார். "நீ ஜெயிச்சிட்டன்னு நினைக்காத. நான் சொன்னதும் தப்பு இல்ல. யூனிட்டு நடத்திப் பாரு, தெரியும்."

"தெரியுமுங்க, சார்."

"நாளைக்கு வா."

"வர்றன். ஆனா ஒண்ணு. இத மேல அனுப்பணும். எங்கிருந்து எடுத்தமோ அங்கியே. இந்த போர்டு வெச்சிருக்கிற யாரு வேணும்னாலும் எடுத்துக்கற மாதிரி."

அவர் என்னை முறைத்தார். நானும் பார்வையை இறக்கவில்லை. தெருவில் போன தண்ணி லாரிக்காக அவர் ஒதுங்கி நின்றார். லாரி போனதும், "யூனிட்டு பேரு அதுல இருக்கணும்" என்றார்.

"இருக்கும். என் பேருக்கு அடுத்தாப்ல."

இருபத்திரண்டு சர்வர்களையும் பதினொரு நாளில் முடித்தோம். ஒன்றில் மட்டும் கிளிப் நழுவி, சிப்பின் ஒரு கால் ஒடிந்தது. அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு, தலைமுடி அளவு கம்பியை வைத்துப் பற்றவைத்தார். அது இன்றைக்கும் ஓடுகிறது.

மேலே அனுப்பிய நிரல் உடனே ஏறிவிடவில்லை. எங்கோ ஒரு தேசத்தில் இருந்த ஒருவர் என் நிரலை வரிவரியாகப் படித்து, முப்பத்தேழு இடங்களில் குறை சொல்லியிருந்தார். இங்கே இடைவெளி தப்பு, அங்கே பெயர் தப்பு, இந்த விளக்கம் புரியவில்லை. முதல் நாள் எரிச்சலில் லேப்டாப்பை மூடிவிட்டேன். மறுநாள் நிதானமாகப் படித்தேன். அவர் நான் எங்கே படித்தேன் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. நிரலைப் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தார். என் வாழ்க்கையில் அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. முப்பத்தேழையும் திருத்தினேன். மறுபடி பன்னிரண்டு சொன்னார், அதையும் திருத்தினேன். இப்படிப் பல சுற்று போனது. மூன்றாவது அளவி உண்மையில் எங்கே இருக்கிறது, ஆவணம் உண்டா என்று கேட்டார். ஆவணம் இல்லை, சூடான டீ டம்ளரைப் பக்கத்தில் வைத்துக் கண்டுபிடித்தேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, போதுமான ஆதாரம் என்று எழுதி, ஏற்றுக்கொண்டார்.

ஏழாவது திருத்தத்தில் என் பெயர் அங்கே ஏறியது. அப்பா வைத்த பெயர், இன்ஷியலோடு. முதலாளி அதை அவருடைய மொபைலில் பெரிதாக்கிப் பார்த்தார். யூனிட் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொண்டார்.

இப்போது என் மேசையில் வேறொரு போர்டு கிடக்கிறது. வேறு கம்பெனி, வேறு சிப். இதற்கும் செய்தவர்கள் ஆதரவை நிறுத்திவிட்டார்கள். இணைப்புப் படம் கேட்டு மூன்று மெயில் போட்டேன். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை, மூன்றாவதற்கு அவர்களுடைய வக்கீல் பதில் எழுதியிருக்கிறார், இப்படிக் கேட்பதே தவறு என்று. அந்தக் கடிதத்தை அச்செடுத்து, அதன் பின்பக்கத்து வெள்ளையில்தான் போர்டை வரைந்துகொண்டிருக்கிறேன். மீட்டரின் ஒரு முனை சிப்பின் காலில், மறுமுனை போர்டில். நேற்று வரை நாற்பத்தொரு கால்கள் எங்கே போகின்றன என்று தெரிந்திருக்கிறது. இன்னும் முந்நூற்றுச் சொச்சம் இருக்கும். இன்று மதியத்துக்குள் ஐம்பதைத் தொட்டுவிடுவேன்.